குளிர்காலத்துல வெயில் ஊருக்கு பிளேன் பாக்க போறீங்களா? முதல்ல காத்தை பாருங்க

குளிர் நாட்டுல இருக்கிறவங்களுக்கு குளிர்காலம்னா காலைல பத்து மணி வரைக்கும் மூடுபனி, சாயந்திரம் நாலு மணிக்கே இருட்டு, நடுவுல ஏர்போர்ட் வேலி ஓரமா நின்னா விரல் விறைச்சு போய் ஷட்டரை அமுக்குறதுக்குள்ள பிளேன் இறங்கி டாக்ஸிவேக்கு போயிடும். அதனால வெயில் அடிக்கிற ஊரா பாத்து நாலு நாள் ஸ்பாட்டிங், அதான் ஏர்போர்ட் பக்கத்துல நின்னு பிளேனை பாத்து படம் எடுக்கிறது, போயிட்டு வரலாம்னு தோணுறது ரொம்ப நியாயம். ஆனா நம்மாளுங்க எல்லாரும் பண்ற தப்பு ஒண்ணு இருக்கு, வீடியோல பாத்த பேமஸ் இடத்தை பிடிச்சுக்கிட்டு, அங்க வெயில் அடிக்குதான்னு மட்டும் பாத்துட்டு டிக்கெட் போட்டுடறது. வெயில் முக்கியம்தான், ஆனா அதைவிட முக்கியம் காத்து. காத்து எந்த பக்கத்துல இருந்து அடிக்குதோ அதை வெச்சுதான் எந்த ரன்வேல எந்த முனைல இறங்குவாங்கன்னு முடிவாகுது, நீங்க தப்பான முனைல நின்னா நாள் பூரா தூரத்துல எறும்பு மாதிரி ஏறிப் போற வாலைத்தான் எண்ணிட்டு இருக்கணும்.

ரெண்டு உதாரணம் சொல்றேன், புரிஞ்சிடும். கிரீஸ்ல ஸ்கியாதோஸ் தீவு, ரோட்ல நிக்கிற ஆளோட தலைய உரசுற மாதிரி பிளேன் இறங்குற இடம், எல்லாரும் பாத்திருப்பீங்க. அது முழுக்க முழுக்க கோடைக்கால கூத்து, வெளிநாட்டு ஹாலிடே பிளைட் எல்லாம் அக்டோபரோட மூட்டை கட்டிட்டு கிளம்பிடும், ஜனவரில போனா ரோடு இருக்கும், வேலி இருக்கும், பெரிய பிளேன் இருக்காது. இன்னொண்ணு சிங்கப்பூர் சாங்கி பீச். அங்க வடக்கு பக்கத்துல இருந்து ரன்வே 20ல (இந்த நம்பர் என்னன்னு கீழ சொல்றேன்) இறங்கும்போதுதான் பீச் மேல தாழ்வா வரும். டிசம்பர் ஜனவரில வடகிழக்கு பருவக்காத்து அடிக்கும், அப்ப எதிர் திசைல 02ல இறங்குவாங்க, அதாவது தெற்கு பக்கமா வந்து இறங்கிடும், பீச்சுல நிக்கிற உங்களுக்கு டேக்ஆஃப் மட்டும்தான், அதுவும் நல்லா உயரம் ஏறின பிறகு. போதாக்குறைக்கு டிசம்பர் அங்க மழை கொட்டுற மாசம்.

சரி, காத்தை எப்படி பாக்குறது. ரன்வே நம்பர்ங்கிறது திசைதான், கடைசி சைபரை வெட்டிட்டு எழுதுறாங்க, 09னா பிளேன் மூக்கு 90 டிகிரி, அதாவது கிழக்கு பாத்து ஓடும், அதே ரன்வேயோட மறுமுனை 27. பிளேன் பெரும்பாலும் காத்துக்கு எதிரா இறங்கும், எதிரா ஏறும். ஏர்போர்ட் வானிலை அறிக்கைக்கு மெட்டார்னு பேரு, அதுல காத்துக்கு அஞ்சு எண் இருக்கும், 09012னு போட்டிருந்தா முதல் மூணு எண் காத்து வர்ற திசை, கடைசி ரெண்டு எண் வேகம், 12 நாட். நிறைய பேர் போற திசைன்னு நினைச்சு தலைகீழா புரிஞ்சுக்குவாங்க, நானும் முதல் தடவை அப்படித்தான் ரன்வேயோட தப்பான முனைல போய் ஒரு முழு காலைப்பொழுதை தாரை வாத்தேன். காத்து வேகம் அஞ்சு நாட்ங்கிற அளவுக்கு கீழ இருந்தா இந்த கணக்கு வேலைக்காகாது, அப்ப ஏர்போர்ட்டுக்கு எது வசதியோ அந்த ரன்வேயை வெச்சுக்குவாங்க.

டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி ஒரு ராத்திரி உக்காந்து இந்த வேலைய பண்ணிடுங்க. அமெரிக்காவுல அயோவா ஸ்டேட் யுனிவர்சிட்டி வெப்சைட்ல உலகம் பூரா இருக்கிற ஏர்போர்ட்டோட பழைய மெட்டார் எல்லாம் இலவசமா கிடக்குது, நீங்க போகப்போற அதே வாரத்துக்கு போன மூணு நாலு வருஷத்தை எடுத்து பாருங்க. பத்து நாள்ல எட்டு நாள் ஒரே பக்கம் காத்துன்னா தைரியமா போடுங்க, பாதி நாள் அந்த பக்கம் பாதி நாள் இந்த பக்கம்னா ரெண்டு முனைக்கும் சீக்கிரம் போய் வர்ற மாதிரி கார் எடுக்கணும், இல்ல ஊரையே மாத்தணும். நல்ல விஷயம் என்னன்னா, குளிர்கால வெயில் ஊர்ல பாதிக்கு மேல வியாபாரக்காத்து இல்லன்னா வடகிழக்கு பருவக்காத்து கையில இருக்கு, அது கடிகாரம் மாதிரி. கரீபியன்ல கிழக்கு, ஆப்பிரிக்கா கரை ஓரமா ஸ்பெயினுக்கு சொந்தமான கேனரி தீவுல வடகிழக்கு, தாய்லாந்து மேற்கு கரைல கிழக்கு. காத்துள்ளபோதே தூற்றிக்கொள்னு சொன்னவங்க நெல்லுக்கு சொன்னாங்க, நமக்கும் அப்படியே பொருந்துது.

காத்து முடிஞ்சதும் சூரியன். சின்ன கணக்கு ஒண்ணு வெச்சிருக்கேன், 90ல இருந்து அந்த ஊரோட அட்சரேகையையும், கூடவே 23.5யும் கழிச்சிடுங்க, டிசம்பர் 21 உச்சிப்பொழுதுல சூரியன் எத்தனை டிகிரி உயரத்துல நிக்கும்னு வந்துடும். லாஸ் ஏஞ்சலஸ் 34, அப்ப சுமார் 32 டிகிரி. கேனரி தீவுங்கள்ல ஒண்ணான லான்சரோட்டே 29, அப்ப 37 சொச்சம். கரீபியன் தீவு செயின்ட் மார்ட்டின் 18, 48 சொச்சம். எதுக்கு இந்த கணக்குன்னா, சூரியன் தாழ்வா இருந்தா பிளேனோட வயித்துப்பக்கம், இன்ஜின், வீல் எல்லாத்துலயும் வெளிச்சம் விழும், கோடைல உச்சி வெயில் நேரா தலைக்கு மேல நின்னு மேல்பக்கம் வெள்ளையா எரிஞ்சு கீழ கருப்பா போற தொல்லை இருக்காது. குளிர்காலத்துல வெயில் ஊருக்கு போறதோட உண்மையான லாபமே இதுதான், கதகதப்பு எல்லாம் அப்புறம்.

சூரியன் வடக்கு அரைக்கோளத்துல குளிர்காலம் பூரா தெற்கு பக்கமாவே சுத்தும், அதனால கிழக்கு மேற்கா ஓடுற ரன்வேக்கு தெற்கு பக்கம் நிக்கிற இடமா தேடுங்க. லாஸ் ஏஞ்சலஸ்ல இது பளிச்சுன்னு தெரியும். எல்லாரும் ஓடுற இடம் வடக்கு ரன்வே பக்கத்துல இருக்கிற அந்த பர்கர் கடை புல்வெளி, இன்-அண்ட்-அவுட், பிளேன் தலைக்கு மேல வர்றது செம அனுபவம்தான், மறுக்கல, ஆனா அது இறங்குற பாதைக்கு வடக்க இருக்கு, டிசம்பர்ல சூரியன் எதிர்ல நிக்கும், படத்துல பிளேன் கருப்பு நிழல். அதே நேரத்துல தெற்கு ரன்வேக்கு தெற்க எல் செகண்டோல இம்பீரியல் ஹில்னு ஒரு மேடு இருக்கு, முதுகுல வெயில், நாள் பூரா உக்காந்து எடுக்கலாம். பர்கர் கடைய கண்ணுக்கு வெச்சுக்குங்க, மேட்டை கேமராவுக்கு வெச்சுக்குங்க. பாலைவனத்துல இருந்து சான்டா அனா காத்து அடிக்கிற நாள்ல மட்டும் அங்க போக்குவரத்தே திரும்பிடும், இறங்குறது கடல் பக்கத்துல இருந்து, ஏறுறது ஊர் பக்கம், ஆனா அன்னைக்கு வானம் கண்ணாடி மாதிரி சுத்தமா இருக்கும்.

பூமத்திய ரேகைக்கு கீழ போறவங்க, சிட்னி பெர்த் கேப்டவுன்னு, எல்லாத்தையும் தலைகீழா மாத்திக்குங்க, அங்க சூரியன் வடக்குல. அங்க டிசம்பர் கோடைங்கிறதால வெளிச்ச நேரம் நீளம், ஆனா உச்சி வெயில் மேல சொன்ன மாதிரி நேர் தலைக்கு மேல வந்துடும், காலையும் சாயந்திரமும் மட்டும் வேலை வெச்சுக்குங்க.

இப்ப ஊருக்கு வருவோம். செயின்ட் மார்ட்டின் பத்தி பேசாம இருக்க முடியாது. பிரின்சஸ் ஜூலியானா ஏர்போர்ட், மஹோ பீச், ரன்வே 10. கடல், அப்புறம் கொஞ்சம் மணல், அப்புறம் ஒரு குறுகலான ரோடு, அப்புறம் வேலி, வேலிக்கு அந்தாண்ட ரன்வே, அவ்வளவுதான். நெதர்லாந்து ஏர்லைன்ஸ் கேஎல்எம்மோட ஜம்போ ஜெட் 747 வந்துட்டு இருந்த காலம் 2016 அக்டோபரோட முடிஞ்சு போச்சு, அதை நினைச்சு போனா ஏமாத்தம்தான், ஆனா ஆம்ஸ்டர்டாம்ல இருந்தும் பாரிஸ்ல இருந்தும் பெரிய ஜெட் இப்பவும் வருது, அமெரிக்காவுல இருந்து 737, ஏ320 வகையறா வரிசை கட்டும், நடு நடுவுல உள்ளூர் கம்பெனி வின்ஏரோட ட்வின் ஆட்டர்ங்கிற குட்டி ப்ரொபெல்லர் பிளேன் தும்பி மாதிரி வந்து பொத்துன்னு உக்காரும். கூட்டம் அதிகமான நாள் சனிக்கிழமை, நேரம் மத்தியானம் பன்னெண்டுல இருந்து நாலு. கிறிஸ்மஸ்ல இருந்து நியூ இயர் வரைக்கும் பிரைவேட் ஜெட் கொட்டிக் கிடக்கும், பிளேனோட ரிஜிஸ்ட்ரேஷன் நம்பரை குறிச்சு சேக்குறவங்களுக்கு அந்த பத்து நாள் திருவிழா.

எங்க நிக்கணும்னா, பீச்சோட தெற்கு முனைல சன்செட் பார் இருக்குல்ல, அந்த பக்கம். அங்க நின்னா வெயில் முதுகுக்கு, பிளேனோட பக்கவாட்டு முழுக்க பளிச்சுன்னு வரும். நடுவுல ரன்வேக்கு நேரா நின்னு மூக்கை எடுக்க ஆசைப்பட்டா காலைல எடுத்துடுங்க, மத்தியானத்துக்கு மேல சூரியன் பிளேனுக்கு பின்னால இறங்கிடும். லென்ஸ் விஷயத்துல எல்லாரும் 400 எம்எம் தூக்கிட்டு வந்து முழிப்பாங்க, அங்க தேவை 24-70 மாதிரி அகலமானது, ஏன்னா பிளேன் தலைக்கு மேல வர்றப்ப ஃப்ரேமுக்குள்ள அடங்காது. நான் பண்றது, தூரத்துல கடல் மேல வர்றப்ப பெரிய லென்ஸ்ல நாலு, அப்புறம் கழுத்துல தொங்குற ரெண்டாவது கேமராவுக்கு மாறி தலைக்கு மேல ரெண்டு, அதுக்கப்புறம் கேமராவை கீழ இறக்கிட்டு சும்மா பாருங்க, அந்த இரைச்சலும் சக்கரத்தோட நிழல் மணல்ல ஓடுறதும் கேமராவுல வராது.

ஒரு எச்சரிக்கை, இது விளையாட்டு இல்ல. லேண்டிங் இல்ல ஆபத்து, டேக்ஆஃப்தான். ரன்வே முனைல பெரிய ஜெட் திரும்பி வாலை பீச்சுக்கு காட்டிக்கிட்டு முழு பவர் குடுக்கும்போது வேலிய பிடிச்சுக்கிட்டு தொங்குறதை வீரம்னு நினைக்கிறாங்க. 2017 ஜூலைல நியூசிலாந்துல இருந்து வந்த ஒரு பெண்மணி அந்த காத்துல தூக்கி எறியப்பட்டு இறந்தே போனாங்க. மணல் ஊசி மாதிரி குத்தும், லென்ஸ் முன்னால இருக்கிற கண்ணாடி காலி, கல்லு பறக்கும். பெரிய பிளேன் டேக்ஆஃபுக்கு திரும்புதுன்னா பக்கவாட்டுல ஒதுங்கிடுங்க, கேமராவை பைக்குள்ள போட்டு ஜிப்பை மூடிடுங்க.

அங்க வரைக்கும் போயிட்டு பக்கத்து தீவு செயின்ட் பார்ட்ஸ் போகாம வந்துடாதீங்க, படகுல ஒரு மணி நேரம் சொச்சம். ரன்வே மொத்தமே சுமார் 650 மீட்டர், மலை இடுக்குல ரோட்டுக்கு மேல சில மீட்டர் உயரத்துல வந்து, மூக்கை கவுத்துக்கிட்டு சரிவுல இறங்கி, கடலுக்கு முன்னாடி நின்னுடணும். ஜெட் எல்லாம் கிடையாது, ட்வின் ஆட்டர், கேரவன், பிலாட்டஸ் பிசி-12 மாதிரி சின்னதுங்கதான், ஆனா ஒவ்வொரு லேண்டிங்கும் ஒரு சர்க்கஸ். பேசஞ்சரா ட்வின் ஆட்டர்லயே போனா இன்னும் விசேஷம், பைலட் தோளுக்கு மேல மலை இடுக்கு பெருசாகிட்டே வர்றதை பாக்கலாம்.

ஐரோப்பா பக்கத்துல இருந்து கிளம்புறவங்களுக்கு என்னோட ஓட்டு கேனரி தீவுக்கு, அதுலயும் லான்சரோட்டேக்கு. டெனெரிஃபே சவுத், கிரான் கனாரியா ரெண்டும் இதைவிட பிஸி, ஆனா ரன்வேகிட்ட நடந்து போற சுகம் லான்சரோட்டேல மாதிரி இல்ல. ப்ளாயா ஹோண்டால இருந்து புவர்ட்டோ டெல் கார்மென் பக்கம் கடலோரமா ஒரு நடைபாதை போகுது, அது ஏர்போர்ட் வேலிக்கும் கடலுக்கும் நடுவுல அப்படியே ரன்வேயை ஒட்டிக்கிட்டே போகும். ரன்வே 03, வடகிழக்கு காத்து அடிக்கிற நாள்ல தெற்கு முனைல கடல் மேல இருந்து வந்து, நடைபாதைல போறவங்க தலைக்கு மேல தாழ்வா கடந்து இறங்கும். குழந்தையை தள்ளிட்டு போறவங்க, ஜாகிங் போறவங்க, நடுவுல நாம, யாரும் ஒரு வார்த்தை கேக்க மாட்டாங்க. காலைல சூரியன் கடல் பக்கத்துல இருக்கும், பாதைல நின்னு ரன்வேயை பாத்தா வெயில் முதுகுக்கு, அருமை. மதியம் ஒரு மணிக்கு மேல சூரியன் ரன்வேயோட அந்த பக்கம் போயிடும், அப்ப பாதை பேக்லைட், அந்த நேரத்துல ரூமுக்கு போய் தூங்குங்க, இல்ல தெற்கு முனைல நின்னு கடல் மேல வர்ற பிளேனை பக்கவாட்டா எடுங்க. குளிர்காலம் அங்க பீக் சீசன், டூயி, ஜெட்2, ரயனேர், ஈஸிஜெட், காண்டோர்னு வட ஐரோப்பா பூரா அங்க இறங்கும், நடுவுல உள்ளூர் கம்பெனி பின்டரோட ஏடிஆர் 72 ப்ரொபெல்லர் பிளேன் தீவுக்கு தீவு பஸ் மாதிரி ஓடிட்டே இருக்கும்.

கேனரில ஒரே ஒரு வில்லன் கலிமா. சஹாரால இருந்து தூசி கிளம்பி வந்து வானம் மஞ்சளா காவியா மாறிடும், காத்து திசையும் திரும்பிடும், 03க்கு பதிலா 21ல இறங்குவாங்க. 2020 பிப்ரவரில வந்த கலிமால தீவுங்களோட ஏர்போர்ட்டையே மூட வேண்டி வந்துச்சு. அதனாலதான் நான் எப்பவும் சொல்றது, மூணு நாளைக்கு மூணு ஏர்போர்ட்னு பறக்காதீங்க, ஒரே இடத்துல அஞ்சு நாள் உக்காருங்க, ஒரு நாள் தூசில போனாலும் நாலு நாள் மிச்சம். கிரான் கனாரியா போறவங்களுக்கு ஒண்ணு, அந்த ஏர்போர்ட்டோட அந்த பக்கம் காண்டோ விமானப்படை தளம், போர் விமானம் பறக்குறதை பாக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா லென்ஸை எங்க திருப்புறோம்னு கவனம் வேணும்.

மத்ததெல்லாம் சுருக்கமா சொல்லிடறேன். தாய்லாந்து ஃபூகெட் தீவுல மை காவ் பீச், நவம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் கிழக்கு காத்து, ரன்வே 09ல கடல் மேல இருந்து பீச்சை கடந்து இறங்கும், பருவம் மாறி தென்மேற்கு காத்து அடிச்சா டேக்ஆஃப் மட்டும்தான். நாய் யாங் பீச் பக்கமா சிரிநாத் தேசிய பூங்கா வழியா நடந்து போனா வெயில் சரியான பக்கம் இருக்கும், உள்ள போக கட்டணம் உண்டு. ரன்வே முனைக்கு நேரா ஓடிப் போய் செல்ஃபி எடுக்கிறதுக்கு 2019ல கடுமையா எச்சரிக்கை விட்டாங்க, போர்டு எங்க நிக்க சொல்லுதோ அங்க நில்லுங்க. மாலத்தீவுல டிசம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் வறண்ட காலம், அங்க பெரிய ஜெட்டை விட ட்ரான்ஸ் மால்டிவியனோட கடல் விமானம்தான் விருந்து, உலகத்துலயே பெரிய கடல் விமான கம்பெனி, ட்வின் ஆட்டர் எல்லாம் தண்ணில வாத்து கூட்டம் மாதிரி நிக்கும், பைலட் பலபேர் செருப்பு கூட போட மாட்டாங்க. பகல் வெளிச்சத்துல மட்டும்தான் பறக்கும், அதை மறந்துட்டு ராத்திரி வந்து இறங்குற மாதிரி டிக்கெட் போட்டீங்கன்னா தீவுக்கு மறுநாள்தான்.

போர்ச்சுகலோட மதேரா தீவை வெயில் ஊர்னு சொல்றதா வேணாமான்னு எனக்கே சந்தேகம், மழையும் உண்டு, ஆனா கடலுக்கு மேல நூத்தி எண்பது தூண் மேல ரன்வேயை நீட்டி 2000ல திறந்தாங்க, பக்கக்காத்துல பிளேன் நண்டு மாதிரி சாஞ்சு வந்து கடைசி நிமிஷத்துல வளைஞ்சு இறங்குறதை பாக்க குளிர்காலம்தான் சரி. காத்து எல்லை மீறினா இறங்கவே விட மாட்டாங்க, சுத்தி சுத்தி பாத்துட்டு வேற ஊருக்கு போயிடும், உங்க பிளேனும் அதுல ஒண்ணா இருக்கலாங்கிறதை மனசுல வெச்சு வீட்டுக்கு திரும்பியே ஆகணும்கிற தேதிக்கு ஒரு நாள் முன்னாடியே அங்கிருந்து கிளம்புங்க. மயாமி, அது சரக்கு விமான ரசிகர்களுக்கு. பிப்ரவரி 14க்கு முந்தின ரெண்டு மூணு வாரம் கொலம்பியா, ஈக்வடார்ல இருந்து ரோஜாப்பூ சுமந்துக்கிட்டு ஃப்ரெய்ட்டர் வரிசையா இறங்கும், வேலில லென்ஸ் விடுறதுக்குன்னே ஓட்டை போட்டு வெச்சிருக்காங்கன்னா பாத்துக்குங்க, எவ்வளவு மரியாதை. அமெரிக்காவுல அரிசோனா மாநிலத்து டூசான்ல பீமா விமான மியூசியம், நானூறுக்கு மேல பிளேன், பெரும்பாலும் திறந்த வெளில, கோடைல போனா வறுத்து எடுத்துடும், ஜனவரில நாள் பூரா நடக்கலாம்.

எப்ப போறதுன்னு கேட்டா, ஏர்லைன்ஸோட குளிர்கால அட்டவணை அக்டோபர் கடைசி ஞாயித்துக்கிழமை தொடங்கி மார்ச் கடைசி ஞாயித்துக்கிழமைக்கு முந்தின நாள் வரைக்கும். முதல் ரெண்டு வாரம் விட்டுடுங்க, புது ரூட் எல்லாம் செட் ஆகியிருக்காது. கிறிஸ்மஸ் வாரம் எண்ணிக்கைல பெருசு, ஆனா ரூம் கிடைக்காது, பீச்சுல நிக்க இடம் கிடைக்காது. எனக்கு பிடிச்சது ஜனவரி கடைசி, பிப்ரவரி தொடக்கம், பிளைட் குறையாது, கூட்டம் குறையும், சூரியன் இன்னும் தாழ்வாத்தான் இருக்கும். ஹாலிடே பிளைட் வாரக்கடைசில குவியும், அதனால வெள்ளிக்கிழமை காலைல போய் சேந்து செவ்வாய் கிளம்புற மாதிரி வெச்சுக்குங்க.

கேமரா செட்டிங் பத்தி ஊர் பூரா பேசுறாங்க, நான் ரெண்டு வரில முடிச்சுடறேன். ஷட்டர் வேகம் ஜெட்டுக்கு 1/1000 பக்கம், ப்ரொபெல்லர் பிளேனுக்கு 1/160ல இருந்து 1/250, இல்லன்னா இறக்கை சுத்தாம உறைஞ்சு போய் பொம்மை தொங்குற மாதிரி இருக்கும், அப்பர்ச்சரை எஃப்8ல விட்டுடுங்க. வெள்ளை பிளேன் நீலக்கடல் மேல வந்தா கேமரா குழம்பும், கேமரா திரைல வெளிச்ச அளவை காட்டுற ஹிஸ்டோகிராமை பாத்து வெள்ளை எரியாம பாத்துக்குங்க. பளபளப்பை குறைக்கிற போலரைசர் ஃபில்டர் வேணாம், ஜன்னல் எல்லாம் வானவில் மாதிரி கோடு விழும்.

இதைவிட பெரிய பிரச்சனை கானல். வெயில் ஊர்ல காலை பத்தரைக்கு மேல தார், கான்கிரீட் எல்லாம் சூடாகி ரன்வே மேல காத்து நெளியும், எந்த விலை லென்ஸா இருந்தாலும் அறுநூறு எழுநூறு மீட்டர் தள்ளி இருக்கிற பிளேனை எடுத்தா எழுத்தெல்லாம் தண்ணிக்குள்ள இருக்கிற மாதிரி வரும், ஃபோகஸ் தப்புன்னு நினைச்சு லென்ஸை திட்டுவோம். அதுக்கு மருந்து கிடையாது, பக்கத்துல போகணும், இல்ல காலைல சூரியன் வந்த முதல் ரெண்டு மணி நேரத்துல முடிக்கணும், இல்ல தண்ணிக்கு மேல வர்றதை எடுக்கணும், தண்ணி மேல கானல் கம்மி. பீச்சுல இறங்குற இடம் எல்லாம் ஏன் இவ்வளவு பேமஸுங்கிறதுக்கு தாழ்வா வர்றது மட்டும் காரணம் இல்ல, இதுவும்தான்.

என் கதை ஒண்ணு. கரீபியன்ல முதல் நாள், ராத்திரி பூரா ஏசி ரூம்ல பை இருந்துச்சு, காலைல அந்த நாளோட ஒரே பெரிய ஜெட் வர்ற நேரத்துக்கு ஓடிப்போய் கேமராவை வெளிய எடுத்தேன், எடுத்த உடனே லென்ஸ் முன்னால வெள்ளையா பனி படிஞ்சு போச்சு. சட்டைல துடைச்சேன், மறுபடி படிஞ்சுது, துடைச்சேன், படிஞ்சுது, பிளேன் தலைக்கு மேல போயிடுச்சு. கார்டுல இருந்தது பால் கலருல ஒரு சிலுவை மாதிரி ஒரு நிழல். அதுல இருந்து ராத்திரியே பையை பால்கனில வெச்சிடுவேன், திருட்டு பயம் இருந்தா பாத்ரூம்ல ஏசி படாத இடம், இல்லன்னா கிளம்புறதுக்கு முக்கால் மணி நேரம் முன்னாடி ஜிப் மூடினபடியே வெளிய வெச்சிடுவேன், பை மெதுவா சூடாகும், கண்ணாடி வேர்க்காது. பீச்சுல லென்ஸ் மாத்தவே கூடாது, உப்புக்காத்து படிஞ்ச கேமராவை ராத்திரி லேசா ஈரத்துணில துடைச்சிட்டுதான் தூங்கணும். ஸ்பேர் பேட்டரி எல்லாம் கைப்பைலதான், செக்இன் பெட்டில போடக் கூடாது.

சட்டம். இதுல மெத்தனமா இருந்துடாதீங்க. 2001 நவம்பர்ல கிரீஸ்ல கலமாட்டா விமானப்படை தளத்துக்கு போன பிரிட்டன், நெதர்லாந்து ஸ்பாட்டர் 14 பேரை உளவுன்னு பிடிச்சு வாரக்கணக்குல ஜெயில்ல வெச்சாங்க, அடுத்த வருஷம் தண்டனையும் குடுத்து, அப்புறம் அப்பீல்ல எல்லாரும் விடுதலை. அவங்க கையில இருந்தது நோட்டுப்புத்தகம். 2015ல ஃபுஜைராவுல மூணு பேர் பிளேன் நம்பர் குறிச்சதுக்கு ரெண்டு மாசம் உள்ள இருந்தாங்க. அமீரகத்துல வெயில் இருக்கு, ஏ380 இருக்கு, எல்லாம் இருக்கு, ஆனா வேலி ஓரமா பைனாகுலரோட நிக்கிற பழக்கம் அங்க வேணாம், பிளேன் ஜன்னல்ல இருந்தும் டெர்மினல்குள்ள இருந்தும் பாத்து ரசிங்க, அங்கயும் படத்துக்கு முன்னாடி கேளுங்க. பொதுவா ராணுவமும் சிவிலும் ஒரே ரன்வே பயன்படுத்துற இடத்துல நோட்டு, ரேடியோ ரெண்டையும் வெளிய எடுக்குறதுக்கு முன்னாடி உள்ளூர் ஸ்பாட்டர் யாரையாவது பிடிச்சு கேட்டுக்குங்க. ஏர்பேண்ட் ரேடியோ, அதான் 118ல இருந்து 137 மெகாஹெர்ட்ஸ், சில நாட்டுல வெச்சிருக்கிறதே தப்பு, பிரிட்டன்லயே லைசென்ஸ் இல்லாம ஏடிசி, அதாவது கண்ட்ரோல் டவரும் பைலட்டும் பேசுறதை, கேக்க கூடாது. போன்ல ஃப்ளைட்ராடார்24 இருந்தா முக்கால்வாசி வேலை முடிஞ்சுது, எது எப்ப வருதுன்னு தெரியும், எந்த முனைல இறங்குறாங்கன்னும் தெரியும். போலீஸ் வந்து கேட்டா கேமராவை இறக்கிட்டு சிரிச்ச முகத்தோட கடைசியா எடுத்த படத்தை காட்டுங்க, போக சொன்னா போயிடுங்க, வாக்குவாதம் பண்ணி ஜெயிச்ச ஸ்பாட்டரை நான் இதுவரைக்கும் பாக்கல.

ரூம் எடுக்கும்போது ரன்வே தெரியுதான்னு மட்டும் கேக்காதீங்க, எந்த திசை பாத்த பால்கனின்னு கேளுங்க. ரன்வேக்கு தெற்க இருக்கிற கட்டடத்துல வடக்கு பாத்த பால்கனி கிடைச்சா நாற்காலிலயே உக்காந்து நாள் பூரா எடுக்கலாம், உங்களுக்கு நிழல், பிளேனுக்கு வெயில். கூட வர்றவங்களுக்கு பிளேன் பைத்தியம் இல்லன்னா இது குடும்ப அமைதிக்கும் நல்லது, அவங்க கடல்ல குளிக்கட்டும், நீங்க பால்கனில இருங்க.

திரும்பி வர்ற பிளைட்லயும் ஒரு வேலை இருக்கு. எந்த ரன்வேல ஏறப்போறோம்னு அன்னைக்கு மெட்டார் பாத்தா தெரிஞ்சிடும், அதை வெச்சு சீட்டை இடமா வலமான்னு மாத்திக்குங்க. லான்சரோட்டேல 03ல ஏறுனா வலது பக்க ஜன்னல், நாலு நாளா நீங்க நின்ன நடைபாதை அப்படியே கீழ ஓடும், அங்க எவனாவது ஒருத்தன் கேமராவை தூக்கிக்கிட்டு உங்க பிளேனை எடுத்துட்டு இருப்பான்.